முதல் காரின் பாலிசியில் யார் பெயர் இருக்கிறது?

நான் பார்க்கிற கார்கள் எல்லாமே அடிபட்ட கார்கள்தான். பெங்களூரில் பத்தொன்பது வருடமாக மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். விபத்தான வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் நேரில் போய், எது உடைந்திருக்கிறது, எதை மாற்ற வேண்டும், கம்பெனி எவ்வளவு தர வேண்டும் என்று கணக்குப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அந்த வண்டிகளில் நிறைய, நம் ஊர்ப் பிள்ளைகள் இங்கே வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் மிச்சம் பிடித்து வாங்கிய முதல் கார். எந்த மாடல், எவ்வளவு மைலேஜ் என்று ஆறு மாதம் அலசியிருப்பார்கள். பாலிசியைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பையன். தர்மபுரிப் பக்கம், வயது 24. ஓசூரில் ஒரு புரோக்கர் மூலமாக ஐந்து வருடப் பழைய சின்னக் கார் ஒன்றை நான்கு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வாங்கினான். ஆர்சி பெயரை ஒழுங்காக மாற்றிக்கொண்டான். ஆறு வாரம் கழித்து ஒரு விடியற்காலை, பொம்மனஹள்ளி அருகே மழைச் சாலையில் முன்னால் போன லாரியின் பின்பக்கம் மோதிவிட்டான். யாருக்கும் பெரிய அடி இல்லை. பானெட், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், இரண்டு ஹெட்லைட் எல்லாம் போச்சு. ஸ்டீயரிங் ஏர்பேக் வெடித்துத் தொங்கியது. எஸ்டிமேட் 1,86,000 ரூபாய்.

நசுங்கிய பானெட்டின் மேல் காகிதங்களைப் பரப்பிப் பார்த்தேன். ஆர்சியில் அவன் பெயர். பாலிசியில் பழைய ஓனர் பெயர்.

“சார், பாலிசி இன்னும் எட்டு மாசம் இருக்கே” என்றான்.

பாலிசி இருந்தது. அவன் அதில் இல்லை. புரோக்கர் சொன்னாராம், “ஆர்சி மாறினா இன்சூரன்ஸ் தானா மாறிடும்.” பாதி உண்மை இது, அதனால்தான் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவுப்படி, வண்டி கைமாறினால் பாலிசியும் கூடவே போகும். ஆனால் அது மூன்றாம் நபருக்கான பொறுப்புக்கு மட்டும். அதாவது உங்கள் கார் இன்னொருவரை இடித்தால் அவருக்குக் கிடைக்கும். உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கு அது தானாக வராது என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. காரணம் எளிது. பழைய ஓனருக்குக் காரே இல்லை, அதனால் நஷ்டமும் இல்லை. நஷ்டப்பட்ட புது ஓனருக்கும் கம்பெனிக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. பெயர் மாற்ற 14 நாள் கெடு இருக்கிறது. நான் சொல்வேன், 14 நாள் வரை ஏன் போக வேண்டும்? வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அதற்கு என்ன செலவாகியிருக்கும் என்று அவனுக்காகக் கணக்குப் போட்டேன். பழைய ஓனர் பல வருடம் கிளெய்ம் எடுக்காமல் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடியை 50 சதவீதம் வரை சேர்த்து வைத்திருந்தார். அந்தப் போனஸ் ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. அது அவரோடு போய்விடும். அதனால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 4,500 என்று இருந்தது 9,000 ஆகியிருக்கும். மீதி மாதங்களுக்கான வித்தியாசம் சுமார் 3,500 ரூபாய், கூட ஒரு சின்னக் கட்டணம். அவ்வளவுதான். இதை அவனிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. மறைக்கவும் முடியாது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது.

ஓசூர், சேலம், கோவை என்று தமிழ்நாட்டு வண்டியை வாங்கி வருவது இங்கே நம்மவர்கள் வழக்கம். விலை குறைவு, தெரிந்தவர் வண்டி, ஊரில் ஓடின வண்டி. சரி. ஆனால் கர்நாடகத்திலேயே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், 12 மாதத்துக்குள் இங்கே நம்பர் மாற்ற வேண்டும். அதற்கு வண்டி பதிவான ஊர் ஆர்டிஓவிடமிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வேண்டும், வண்டி மேல் லோன் இருந்தால் பேங்கின் கடிதமும் வேண்டும். முக்கியமாக, கர்நாடகத்தின் ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். நாட்டிலேயே அதிக வரி வாங்கும் மாநிலங்களில் இது ஒன்று. புது காருக்கு 5 முதல் 10 லட்சம் வரை 14 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 17 சதவீதம், இந்த வரியோடு செஸ் என்ற கூடுதல் வரியும் சேரும். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். அந்தத் தொகை எவ்வளவு என்று ஆர்டிஓவில் கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பாருங்கள். டிஎன் 70 என்ற ஓசூர் நம்பர் வண்டி அப்போதும் மலிவாகத் தெரிகிறதா என்று பிறகு முடிவு செய்யலாம். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம், அதற்கும் தனியாக அலைய வேண்டும்.

அப்புறம் லோன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஏழு வருட லோனில் முதல் கார் வாங்காதீர்கள். ‘இஎம்ஐ கம்மி’ என்றுதான் எல்லாரும் அதில் விழுகிறார்கள். முழு ஆன்ரோடு விலைக்கும் லோன் தருகிறோம் என்று சொல்லும்போது இன்னும் ஆபத்து. ஷோரூம் விலை 9 லட்சம், வரி இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, ஏழு வருடம். மாதம் சுமார் 16,100. மூன்று வருடம் தவறாமல் கட்டிய பிறகும் கிட்டத்தட்ட 6.46 லட்சம் பாக்கி இருக்கும். அப்போது வண்டி முழுசாக நொறுங்கினாலோ திருடு போனாலோ கம்பெனி தரும் உச்சத் தொகையை ஐடிவி என்போம். வழக்கமான தேய்மான அட்டவணைப்படி, நான்காவது வருடத்தில் அது ஷோரூம் விலையில் 60 சதவீதம். வரிக்குக் கொடுத்த காசு அதில் கணக்கே இல்லை. 5.4 லட்சம் வரும், அது நேராகப் பேங்குக்குப் போகும். கார் இல்லாமல், இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் கடன் நிற்கும். அதே லோனை ஐந்து வருடத்தில் எடுத்திருந்தால் பாக்கி 4.54 லட்சம், கையில் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் இஎம்ஐ சுமார் 20,800. அந்த இஎம்ஐ கட்ட முடியாது என்றால், அந்த கார் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. இதைச் சொல்வதால் என் மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. பரவாயில்லை.

பழைய காருக்கு லோன் எடுக்கும்போது “8 சதவீதம் ஃபிளாட்” என்பார்கள், அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. 5 லட்சத்துக்கு ஐந்து வருடம் 8 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 2 லட்சம், மாதம் 11,667. கட்டக் கட்ட அசல் குறைகிறதே, அதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி 14 சதவீதத்தைத் தாண்டும். குறையும் அசலுக்கு எவ்வளவு சதவீதம் என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

எந்த கார் என்று கேட்டால் மாடல் பெயர் சொல்ல மாட்டேன். பழையது வாங்குவதானால் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதாகப் பாருங்கள். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அந்த வருடம் ஏப்ரலில் கட்டாயமானது. டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் ஜூலையில் கட்டாயமாயின. முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் வேண்டும் என்றால் 2022இலோ அதற்குப் பிறகோ தயாரானது. புதிது என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், சின்ன இன்ஜினோடு இருக்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அல்சூர், விவேக்நகர் சந்துகளில் நிறுத்தவும் சின்னதுதான் சரி. புதுசாக ஓட்டுகிறவர்கள் பம்பரைத்தான் முதலில் இடிப்பார்கள். பம்பர் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதிக் காசுதான் கிடைக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று வருடமாவது தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் கவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இஎம்ஐ கட்டுவதற்காக வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடாதீர்கள். அப்போது விபத்தானால் கம்பெனி கை விரித்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் ரோடு பேஸ்மென்ட்களில் கார்கள் கூரை வரை மூழ்கின. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அப்படித்தான். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துக் கணக்கு முடித்த வண்டிகள் ஏலத்துக்குப் போகும். கழுவி, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து வேறு ஊரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். சீட் கவர் புதிதாக இருக்கும், வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கும். நான் முதலில் செய்வது, டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுப்பது. வழக்கமாக வெளியே தெரியும் பகுதியைத் துடைத்திருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி இரண்டு அடியை யாரும் துடைப்பதில்லை. ஒருமுறை அப்படி இழுத்தபோது பெல்ட்டின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, விரலால் தேய்த்தால் நைஸான வண்டல் உதிர்ந்தது. அந்த கார் ‘ஒரே ஓனர், டாக்டர் வண்டி’ என்று விற்கப்பட்டது. சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளையும், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அணையாமல் எரிந்தால் ஏர்பேக் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

தர்மபுரிப் பையனின் கார் இரண்டு மாதம் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. பானெட்டும் ஹெட்லைட்டும் சிவாஜி நகரில் பழசு வாங்கிப் போட்டான், ரேடியேட்டர் ஜே.சி. ரோட்டில் புதிது. ஏர்பேக்குக்குக் காசு பத்தவில்லை. வண்டியை எடுக்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அந்த விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. கண்ணை உறுத்துகிறதே, அணைத்துத் தரட்டுமா என்று மெக்கானிக் கேட்டார். பையன் தலையை ஆட்டினான்.

“வேண்டாம்ணே. ஏர்பேக் போடற வரைக்கும் எரியட்டும்.”