வாழ்க்கைத்தரம்: ஒரு சொல், இரண்டு கணக்கு

'அந்த நாட்டில் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது' என்று ஒருவர் சொன்னால், அவர் எதைச் சொல்கிறார் என்பது உடனே பிடிபடுவதில்லை. அங்கே சம்பளம் அதிகம், வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது என்கிறாரா? இல்லை, நோய் வந்தால் கடனாளி ஆகாமல் வைத்தியம் பார்க்கலாம், ராத்திரியில் பயமில்லாமல் தெருவில் நடக்கலாம் என்கிறாரா? ஆங்கிலத்தில் முதலாவதுக்கு ஸ்டாண்டர்ட் ஆஃப் லிவிங், இரண்டாவதுக்கு குவாலிட்டி ஆஃப் லைஃப் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழில் இரண்டையும் வாழ்க்கைத்தரம் என்றே எழுதிவிடுகிறோம். ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்துவிட்டால் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

இந்தக் குழப்பத்தின் வேர் 'தரம்' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு இரண்டு முகம். ஒன்று, படி அல்லது வகுப்பு. சோழர் காலத்தில் வரி விதிப்பதற்காக நிலத்தைத் தரம் பிரித்தார்கள். தரம் போடாத நிலத்தைக் கல்வெட்டு 'தரமிலி' என்கிறது. இலங்கையில் பள்ளி வகுப்பையே தரம் என்கிறார்கள். இங்கெல்லாம் தரம் என்பது ஏணிப்படி. எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்று மட்டும் சொல்லும். இன்னொரு முகம் மேன்மை. 'தரமான வேலை' என்றால் நல்ல வேலை. முதல் பொருளில் எடுத்தால் வாழ்க்கைத்தரம் ஸ்டாண்டர்ட் ஆகிறது, இரண்டாவது பொருளில் எடுத்தால் குவாலிட்டி ஆகிறது. ஆக, சொல் தப்பில்லை. இரண்டு வேலையை ஒன்றின் தலையில் கட்டியதுதான் தப்பு.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பும் சுவையானது. ஸ்டாண்டர்ட் முதலில் போர்க்களத்தில் நட்டுவைத்த கொடி. பிறகுதான் எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் என்ற பொருள் வந்தது. குவாலிட்டிக்கு மூலம் லத்தீன் குவாலிடாஸ். 'எப்படிப்பட்டது?' என்ற கேள்விச் சொல்லிலிருந்து, ஒரு கிரேக்கத் தத்துவச் சொல்லுக்கு ஈடாக ரோமானிய அறிஞர் சிசரோ உருவாக்கியது அது. கலைச்சொல் ஆக்கி ஆக்கிச் சோர்ந்துபோகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் விட வேடிக்கை, செல்வத்தைக் குறிக்கும் வெல்த். அது 'வீல்' என்ற பழைய சொல்லின் வழி வந்தது. அதன் ஆதிப் பொருள் நலம், நல்வாழ்வு! பணம் என்ற பொருள் பிறகு ஏறி உட்கார்ந்து, நலத்தை வெளியே தள்ளிவிட்டது. தள்ளப்பட்டதைத் திரும்ப அழைக்க ஒரு புதுத் தொடர் தேவைப்பட்டது என்று வேண்டுமானால் குவாலிட்டி ஆஃப் லைஃபைச் சொல்லலாம்.

அந்தத் தேவை எப்போது உறைத்தது? 1934-இல் அமெரிக்க செனட்டுக்குத் தேசிய வருமானக் கணக்கைத் தயாரித்துக் கொடுத்த பொருளாதார அறிஞர் சைமன் குஸ்னெட்ஸ், இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலத்தை முடிவுகட்டிவிட முடியாது என்று அந்த அறிக்கையிலேயே எச்சரித்தார். கணக்கைப் போட்டவரே சொன்னார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. 1970-களில் பூட்டான் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற கருத்தை முன்வைத்தார். அப்புறம் 1979-இல் மோரிஸ் டேவிட் மோரிஸ் என்ற பொருளாதார ஆய்வாளர், எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதை எட்டிய குழந்தைக்கு எதிர்பார்க்கும் ஆயுள் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு ஒரு குறியீடு செய்தார். அதில் வருமானமே கிடையாது. 1990-இல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, அமர்த்தியா சென்னும் துணைநிற்க, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டுக் குறியீடு வந்தது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் சேர்ந்த கணக்கு அது. என் பார்வையில் இது ஒரு சமரசம். ஆனால் உருப்படியான சமரசம்.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இரண்டு சொல் ஏன் வேண்டும் என்பது புரியும். கோஸ்டாரிகாவின் தனிநபர் வருமானம் அமெரிக்காவினுடையதில் பாதிகூட இல்லை. சராசரி ஆயுளோ அமெரிக்காவுக்குக் குறைந்ததல்ல. எக்குவடோரியல் கினி இதற்கு நேர் எதிர். எண்ணெய் வந்தபின் ஆப்பிரிக்காவில் தனிநபர் வருமானத்தில் முன்வரிசைக்குப் போன நாடு, ஆனால் சராசரி ஆயுள் 65-ஐ எட்டவில்லை. இதைவிட விநோதம் அயர்லாந்து. 2015-இல் அதன் பொருளாதாரம் ஏறத்தாழ 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் கணக்கு வந்தது. ஜனங்களின் சட்டைப்பையில் அந்த அளவுக்கு எதுவும் கூடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் காகிதத்தில் அங்கே மாற்றிவைத்ததன் விளைவு அது. அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே பிறகு, இந்த வீக்கத்தைக் கழித்து வேறொரு தேசிய வருமான அளவை வெளியிட வேண்டியதாயிற்று. ஆக, வருமான எண் சிலசமயம் வசதியைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை, நலத்தை எங்கே சொல்லப்போகிறது?

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வாழ்வியல் தரம்' என்று சிலர் எழுதுகிறார்கள்; தரம் மறுபடி உள்ளே வந்துவிடுவதால் குழப்பம் தீராது. விடை நம் வாயிலேயே இருக்கிறது. வாழ்த்தும்போது 'நலமும் வளமும் பெற்று வாழ்க' என்கிறோம். இரண்டும் ஒன்றென்றால் இரண்டு சொல் எதற்கு? திருக்குறளும் நாட்டுக்கு அணியாக ஐந்தை எண்ணும்போது 'பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்' என்று செல்வத்தை ஐந்தில் ஒன்றாகத்தான் வைக்கிறது (738). பேச்சிலும் 'வசதியா இருக்கான், ஆனா நல்லா இல்ல' என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

எனவே வெல்த்துக்குப் பொருள்வளம், குவாலிட்டி ஆஃப் லைஃபுக்கு வாழ்நலம் என்பது என் தேர்வு. ஸ்டாண்டர்ட் ஆஃப் லிவிங்குக்குப் பாடநூல்களில் ஊறிப்போன வாழ்க்கைத்தரம் அப்படியே இருக்கட்டும். நலம் என்றால் உடம்பு மட்டும்தானே என்று ஒரு மறுப்பு வரும். 'நலம், நலமறிய ஆவல்' என்று கடிதம் எழுதியவர்கள் காய்ச்சலை மட்டுமா விசாரித்தார்கள்? இனி இரண்டும் சேர்ந்து வரும் வாக்கியத்தை இப்படி மொழிபெயர்த்துப் பாருங்கள்: 'அந்நாட்டில் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, வாழ்நலம் உயரவில்லை.'