மனை நீங்கலாக: சிறிய ஊரில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

போன ஆடி மாதம் ஒரு கணவனும் மனைவியும் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் 32 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். இனி இருக்கும் காலத்தைச் சொந்த மண்ணில் கழிக்கலாம் என்று ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். திண்ணை வைத்த ஓட்டு வீடு, நடுவில் முற்றம், கொல்லையில் கிணறு, இரண்டு தென்னை. விலை 26 லட்சம். மூன்று லட்சம் முன்பணமும் கொடுத்தாயிற்று. "எல்லாம் பேசி முடிச்சாச்சு மேடம், பத்திரம் எழுதறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்றார் அவர்.

விற்பவரின் குடும்பத்துக்கு அந்த வீடு வந்ததைக் காட்டும் பழைய பத்திரம், அதாவது தாய்ப்பத்திரம், 1968-இல் எழுதியது. காகிதம் மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. பத்திரத்தில் நான் முதலில் படிப்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும் சொத்து விவரத்தைத்தான். நான்கு எல்லை சொல்லி, நீள அகலம் சொல்லி, அதன்பின் இப்படி இருந்தது: "இதற்குட்பட்ட மனை நீங்கலாக, மேற்படி மனையில் கட்டியுள்ள நாட்டு ஓட்டு வீடும், நிலை கதவு ஜன்னல் சாமான்கள் சகிதம்."

மனை நீங்கலாக. விற்பவரின் அப்பா 1968-இல் வாங்கியது சுவரும் ஓடும் கதவும்தான். அடியில் இருக்கும் நிலம் கோயிலுடையது. விற்பவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் முகம் வெளிறிவிட்டது. "வருஷா வருஷம் கோயில் ஆபீஸ்ல ஒரு தொகை கட்டுவோம். வீட்டு வரி மாதிரி அதுவும் ஒரு வரின்னுதான் நெனச்சிருந்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லாமல் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் முடங்கிப் போகும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

காவிரிப் படுகையில் இப்படி அடிமனையில் நிற்கும் வீடுகள் தெருத் தெருவாக உண்டு. நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். வீடு கட்டியவர் வாடகை கட்டி வருவார். மூன்று தலைமுறை போனபின் அது வாடகை என்பதே மறந்துபோகும். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றாலோ அடமானம் வைத்தாலோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலோ அது செல்லாது. அப்படிப்பட்ட பத்திரத்தைப் பதிவு செய்ய மறுக்கச் சார்பதிவாளருக்குப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இருக்கிறது. வீட்டு வரி ரசீது உங்கள் பெயரில் இருக்கலாம், மின் இணைப்பும் இருக்கலாம். இரண்டுமே நிலம் யாருடையது என்று சொல்லாது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுக்காக ஒவ்வொரு இடத்துக்கும் பதிவுத் துறை குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் அந்த எண்ணுக்குப் பூஜ்ஜியம் போட்டிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, "இந்தத் தெருவுல அடிமனை வாடகை கட்டறவங்க இருக்காங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிவேட்டைவிட வேகமாகப் பதில் வந்துவிடும்.

சென்னையில் ஒரு பிளாட் வாங்கும்போது விற்பவர் நமக்கு அந்நியர். அதனால் கூசாமல் நூறு காகிதம் கேட்கிறோம். சின்ன ஊரில் விற்பவர் நம் பெரியப்பா வீட்டுச் சம்பந்திக்குச் சொந்தமாகவோ, அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவராகவோ இருப்பார். வாரிசுச் சான்று கேட்டால் "என்னை நம்பலியா?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, பழியை என் மேல் போடுங்கள் என்பதுதான். "வக்கீல் அம்மா கேக்கறாங்க, அவங்க இல்லாம முடியாதுன்னுட்டாங்க" என்று சொல்லிவிடுங்கள். உறவும் கெடாது, காகிதமும் வந்துவிடும்.

ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை எல்லோரும் எடுக்கிறார்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய பதிவுகளை இணையத்திலேயே பார்க்க முடிகிறது. ஆனால் எந்த எண்ணைக் கொடுத்துத் தேடினீர்கள் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. நத்தத்தில், அதாவது கிராமத்துக் குடியிருப்பு நிலத்தில், இருக்கும் வீடுகளுக்கு நத்தம் நிலவரித் திட்டத்தில் புது எண் கொடுத்தார்கள். பேரூர்களில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று வேறொரு கணக்கு. 1982-இல் அந்த வீட்டை அடமானம் வைத்து எழுதிய பத்திரம் பழைய எண்ணில் கிடக்கும். நீங்கள் புது எண்ணைக் கொடுத்துத் தேடினால் "வில்லங்கம் ஏதுமில்லை" என்று சுத்தமாக வரும். தாய்ப்பத்திரத்தில் உள்ள எண், இப்போதைய பட்டாவில் உள்ள எண், இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரைப் பிற்பாடு பிரித்துப் புதுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்த்திருந்தால், பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு இவையெல்லாம் பொதுவாக வில்லங்கச் சான்றில் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது அக்கா தங்கைகள். என் மேஜைக்கு வரும் வீட்டு வழக்குகளில் பாதிக்கு மேல் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு அண்ணன் தம்பி சேர்ந்து வீட்டை விற்பார்கள். "தங்கச்சிக்கு 40 பவுன் போட்டு அனுப்பியாச்சு, அவளுக்கு இதுல என்ன இருக்கு?" என்பார்கள். பத்திர எழுத்தரும் எழுதிவிடுவார். ஆறு வருஷம் கழித்து, தங்கை இறந்தபின் அவருடைய பிள்ளைகள் பாகம் கேட்டு வழக்குப் போடுவார்கள். வாங்கியவர் அதற்குள் மாடி எழுப்பியிருப்பார்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததிலிருந்தே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. முன்பு அந்தச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்றது அது. "பொம்பளைப் பிள்ளைக்கு வீட்டில் பங்கில்லை" என்று ஊரில் இன்னமும் சொல்கிறவர்களுக்கு அந்தப் பழைய பிரிவே ஒரு சாக்கு. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதியோடு அது போய்விட்டது. பூர்வீகச் சொத்தில், தமிழ்நாடு 1989-இலேயே அதுவரை மணமாகாத மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. 2005-இன் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்தாக வர வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக வர வேண்டும். வாரிசுகளில் யாராவது இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் வர வேண்டும். "அவ துபாய்ல இருக்கா, ஒண்ணும் சொல்லமாட்டா" என்பது கையெழுத்து ஆகாது. ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தச் சகோதரிகளிடம் நீங்களே ஒரு தடவை பேசுங்கள். விலை எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாமல் போட்ட கையெழுத்தின் மேல் குடியேறும் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

வீட்டில் ஏற்கெனவே யாராவது குடியிருந்தால் அவரை வெறும் வாடகைக்காரர் என்று விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் ஒத்திக்கு விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பார். பணத்தைத் திருப்பித் தந்தால்தான் காலி செய்வார். அது ஒரு முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் இருக்கும், எந்தச் சான்றிலும் வராது. குடியிருப்பவரிடம் விசாரிக்காமல் வாங்கினால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது உங்களுக்குத் தெரிந்ததாகவே நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

அளவு பற்றிச் சுருக்கமாக. சமீபத்தில் பார்த்த ஒரு பத்திரத்தில் கிழமேல் ஜாதியடி 24, தென்வடல் ஜாதியடி 110 என்றிருந்தது. பெருக்கினால் 2,640 சதுர அடி. பட்டாவில் 0.02.10 ஹெக்டேர், அதாவது 210 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2,260 சதுர அடி. மீதி 380 சதுர அடி தெருவுக்குப் போயிருக்கலாம், பக்கத்து வீட்டுக் கொல்லைச் சுவருக்குள்ளும் போயிருக்கலாம். சர்வேயரை வைத்து அளந்தபின் விலை பேசுங்கள். வரிசை வீடு என்றால் "தென்புறச் சுவர் பொது" என்பது போல ஒரு வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். நீங்கள் இடித்துக் கட்ட நினைக்கும் சுவரில் பக்கத்து வீட்டு உத்தரம் உட்கார்ந்திருக்கும். கொல்லைக்கு வண்டி போகும் சந்து இருக்கிறதா, அதில் நடக்க உரிமை எழுதியிருக்கிறதா என்பதும் முக்கியம். செப்டிக் டேங்க் லாரி வர வழியில்லாத வீட்டில் குடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டை வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். பழைய தெருக்களில் சாலையின் மேல் சாலையாகப் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தால் புதுப் பெயின்ட் அதை ஒரு கோடை வரைதான் மறைக்கும். எந்நேரத்துக்கும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள். அறுபது வயதுக்கு மேல் குடியேறுகிறவர்களுக்கு முற்றத்தைவிட அது முக்கியம்.

பணத்தைப் பொறுத்தவரை, முத்திரைத் தீர்வை, சொத்து மாற்றத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் ஆகும். வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலை, இரண்டில் எது கூடுதலோ அதன்மேல். 20 லட்சத்துக்கு 1,80,000 ரூபாய். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இந்தச் செலவுக்குப் பயந்து பாதி விலையைப் பத்திரத்தில் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்வார்கள். நாளை கிரயம் செல்லாது என்று ஆனால், பத்திரத்தில் இருக்கும் தொகையை மட்டும்தான் உங்களால் நிரூபித்துத் திருப்பிக் கேட்க முடியும். முன்பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். பதிந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதே வீட்டைக் காட்டி இன்னொருவரிடம் முன்பணம் வாங்குவது சுலபமாக இருக்காது.

அம்பத்தூர்க்காரர் ஒப்பந்தத்தைப் பதியவில்லை. ஆனால் பணம் வங்கி வழியாகப் போயிருந்தது, விற்பவரும் நேர்மையானவர். ஐந்து மாதத்தில் மூன்று தவணையாக மூன்று லட்சமும் திரும்பி வந்தது. எல்லோருக்கும் இப்படி அமையாது.

கார்த்திகையில் அவர்கள் பக்கத்து ஊரில் வேறொரு வீடு பார்த்தார்கள். அந்த அம்மா குடையோடு தெருமுனையில் நின்றபடி, தண்ணீர் எந்தப் பக்கமாக வடிகிறது என்று எனக்குப் போனில் சொன்னார். தை மாதம் பதிவு நடந்தது. விற்றவரின் இரண்டு அக்காக்களும் வந்திருந்தார்கள். மூத்தவர் மன்னார்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, கையெழுத்தும் போட்டு முடித்தபின் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கொல்லையில் தான் வைத்த முருங்கையை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.