ரீகன்ஃபர்ம் பண்ணியாச்சா?

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். காரணம், பண்ருட்டிக்காரர் ஒருவர்.

சவுதியில் வெல்டர் வேலை. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர், விடுமுறையின் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊரில் இருந்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அடம்பிடித்து, சவுதிக்குத் திரும்பி நுழைவதற்கான ரீ-என்ட்ரி விசா முடிகிற நாளுக்கே எங்கள் கடையில் டிக்கெட் போடச் சொன்னார். போட்டோம். விமானம் இரவு 10 மணிக்கு தமாமில் இறங்க வேண்டும், விசாவுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். அந்த ஞாயிறு தாண்டியதும் விமானத்தின் நேரம் மாறிவிட்டது. புதிய நேரப்படி தரையிறங்குவது நள்ளிரவு 12:40. இரண்டு மணி நாற்பது நிமிடத் தள்ளல்தான், ஆனால் தேதி மாறிவிட்டது. மீனம்பாக்கம் கவுன்ட்டரில் இருந்த பெண் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க இறங்கும்போது விசா செத்திருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேரம் மாறிய தகவல் பத்து நாளைக்கு முன்பே வந்திருந்தது. எங்கள் கடை மின்னஞ்சலுக்கு. அவரிடம் மின்னஞ்சல் இல்லை என்பதால் எங்கள் முகவரியையும் எங்கள் நம்பரையும்தான் பதிவில் போட்டிருந்தோம். நாங்கள் பார்க்கவில்லை. கஃபீலிடம், அதாவது அங்கே அவரை வேலைக்கு வைத்திருக்கிற முதலாளியிடம், கெஞ்சி அங்கிருந்தே விசாவை நீட்டி அவர் திரும்பிப் போக பதினோரு நாள் ஆயிற்று. புது டிக்கெட்டில் பாதியை நாங்கள் கொடுத்தோம். மீதிப் பாதியையும் நாங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும்.

புதுச்சேரியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். விமானத்தை ரயிலைப் போல நினைப்பவர்கள்தான் இங்கே அதிகம். விழுப்புரத்தில் நிற்கிற ரயில் அடுத்த வருடமும் நிற்கும் என்கிற நம்பிக்கை அது. விமானத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. உலகம் முழுக்க விமான அட்டவணைக்கு வருடத்தில் இரண்டு பருவம். மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தின சனி வரை கோடை. அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கினால் குளிர்காலம். இந்த 2026இல் மார்ச் 29, அக்டோபர் 25. ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைப்பதும் இதே நாள்களில்தான். அதனால்தான் பாரிஸ் நேரத்துக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி வித்தியாசம்.

ஒவ்வொரு பருவத்துக்கும் நிறுவனங்கள் விமானம் இறங்கி ஏற மறுபடி நேரம் கேட்க வேண்டும், விமான நிலையம் மறுபடி ஒதுக்க வேண்டும். டிக்கெட்டோ ஏறக்குறைய பதினோரு மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடுகிறது. ஆகஸ்டில் உட்கார்ந்து அடுத்த ஏப்ரலுக்கு நீங்கள் வாங்குகிற டிக்கெட்டில் இருக்கிற விமானத்துக்கு அந்த நேரம் இன்னும் ஒதுக்கப்பட்டே இருக்காது. நிறுவனத்துக்கு அது ஓர் எண்ணம், அவ்வளவுதான். விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்குவதில் தப்பில்லை. வாங்கிவிட்டு மறந்துபோவதுதான் தப்பு.

எங்கள் திரையில் ஒவ்வொரு பயணியின் பதிவுக்குப் பக்கத்திலும் இரண்டு எழுத்து நிற்கும். ஹெச்.கே. என்றால் சீட்டு உறுதி. டி.கே. என்று மாறினால் நேரம் மாறியிருக்கிறது. யு.என். என்றால் அந்த விமானமே இல்லை. காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, ராத்திரி எத்தனை ஹெச்.கே. டி.கே. ஆகியிருக்கிறது என்று பார்ப்பதுதான். பண்ருட்டிக்காரருக்குப் பிறகு வந்த வழக்கம் இது.

கடலூர் முதுநகரிலிருந்து வருகிற அண்ணன் ஒருவர் போன தீபாவளிக்கு முன்னால் கேட்டார்: "வருசா வருசம் ஏர்போர்ட்ல கூட்டம் கூடுதுன்னு பேப்பர்ல போடுறான். அப்புறம் எப்படிப்பா எங்க ஃப்ளைட்ட மட்டும் எடுத்துட்டான்?" நியாயமான கேள்வி.

சென்னை விமான நிலையத்தின் கணக்கைப் பாருங்கள். 2018-19இல் சுமார் 2.25 கோடிப் பயணிகள். அதுவரை இல்லாத உச்சம். அந்த நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. 17 நாள் கழித்து, 2019 ஏப்ரல் 17இல், ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. 2017 அக்டோபரில் அவர்கள் தொடங்கிய சென்னை–பாரிஸ் நேரடி விமானம் எங்கள் ஊருக்கு எப்பேர்ப்பட்ட விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. 1962இல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைத்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களை 'சொல்தா' என்போம். எழுபத்தைந்து வயதுச் சொல்தா ஒருவர் நடுவில் எங்கும் இறங்கி ஏறாமல் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகலாம் என்பது ஒன்றரை வருடம் நடந்தது. உச்சம் தொட்ட அதே வருடத்தின் வாலில் அது அறுந்துபோயிற்று. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

பிறகு கொரோனா. 2020-21இல் அதே சென்னையில் சுமார் 55 லட்சம் பேர்தான். 2023-24இல் 2.12 கோடிக்கு ஏறியும் பழைய உச்சத்தைத் தொடவில்லை. அதே ஐந்து வருடத்தில் ஹைதராபாத் 2.14 கோடியிலிருந்து 2.5 கோடி ஆனது, பெங்களூரு 3.33 கோடியிலிருந்து 3.75 கோடி. 2018-19இல் சென்னைக்குப் பின்னால் நின்ற ஹைதராபாத் முந்திக்கொண்டு போய்விட்டது. நமக்கு இதில் என்ன என்றால், நீண்ட தூர விமானம் ஒன்றைப் புதிதாக விட நினைக்கிற நிறுவனம் எங்கே முதலில் பார்க்கும் என்பதுதான். பாரிஸ் போக ராத்திரி பஸ் பிடித்து பெங்களூரு போகிறவர்களுக்கு இப்போது மாதாமாதம் டிக்கெட் போடுகிறேன். மீனம்பாக்கத்தில் 2023இல் புது முனையம் திறந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

துபாய் போகிறவர்களுக்கு வேறு விதமான கட்டு. இரண்டு தரப்பும் வாரத்துக்கு இத்தனை இருக்கை என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. இந்தியா–துபாய் ஒப்பந்தம் 2014இல் வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கை என்று ஆனது. அது நிரம்பிப் பல வருடமாகிறது. ஆள் கூடக் கூட இருக்கை கூடாது, கட்டணம்தான் கூடும்.

இன்னொன்று, விமானத்தின் எண்ணிக்கை வேறு, இருக்கையின் எண்ணிக்கை வேறு. 180 இருக்கை விமானம் ஓடிய தடத்தில் 232 இருக்கை கொண்ட ஏ321 விமானம் வந்தால், வாரத்துக்கு ஒன்பது நடைக்குப் பதில் ஏழே போதும். கணக்கில் பயணிகள் குறையமாட்டார்கள். உங்களுக்குத் தோதாக இருந்த செவ்வாய்க்கிழமை விமானம் மட்டும் காணாமல் போயிருக்கும். முதுநகர் அண்ணனுக்கு நடந்தது இதுதான்.

விமானம் வருவதும் போவதும் எப்படி என்று பார்க்க மீனம்பாக்கம் வரை போக வேண்டியதில்லை. எங்கள் புதுச்சேரி விமான நிலையமான லாஸ்பேட்டை இருக்கிறது. 2013இல் பெங்களூருக்கு ஸ்பைஸ்ஜெட் வந்தது, நின்றது. 2015இல் அலையன்ஸ் ஏர் வந்தது, நின்றது. 2017இல் ஹைதராபாத்துக்கு மறுபடி ஸ்பைஸ்ஜெட், அதுவும் நின்றது. 2024 டிசம்பர் 20இல் இண்டிகோ 78 இருக்கை ஏடிஆர் விமானத்தோடு வந்தது. ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர்தான், பெரிய விமானம் இறங்காது. ஒரே ஒரு நிறுவனம் மனம் மாறினால் இங்கே போக்குவரத்து நூற்றுக்கு நூறு குறையும். ஒவ்வொரு முறை நின்றபோதும், அந்தச் சின்ன விமானத்தை நம்பி வெளிநாட்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்த யாராவது ஒருவர் எங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருப்பார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லாஸ்பேட்டை–ஹைதராபாத் ஒரு டிக்கெட், ஹைதராபாத்–தோஹா இன்னொரு டிக்கெட் என்று கைபேசியில் தனித்தனியாக வாங்குகிறீர்கள். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் 'வராத பயணி', அவ்வளவுதான், பணம் போச்சு. இரண்டும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், இருந்தால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

அரசாங்கம் அனுமதித்த அட்டவணை என்பதால் அது கல்வெட்டு என்றும் நினைக்க வேண்டாம். 2025 குளிர்கால அட்டவணையில் உள்நாட்டில் மட்டும் வாரத்துக்கு 26,495 விமானங்களுக்கு விமானப் போக்குவரத்து இயக்ககம் அனுமதி கொடுத்தது. முந்தின குளிர்காலத்தைவிடக் கிட்டத்தட்ட 6 விழுக்காடு அதிகம். நவம்பர் 1 முதல் விமானிகளின் ஓய்வு நேர விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது: வாரத்தில் தொடர்ச்சியாக 48 மணி நேர ஓய்வு, இரவில் தரையிறக்கங்கள் குறைப்பு. ஆள் கணக்கு சரியாகப் போடாததால் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ தடுமாறியது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்து. அந்த நிறுவனத்தின் அட்டவணையில் 10 விழுக்காட்டைக் குறைக்கச் சொல்லி அரசே உத்தரவு போட்டது. அந்த வாரம் என் கைபேசியைச் சார்ஜரிலிருந்து எடுக்கவே முடியவில்லை. விமானிகளுக்கு ஓய்வு வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை.

மழையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நம் தலைமேல் கரையைக் கடந்த அன்று சென்னை விமான நிலையத்தையும் மூடினார்கள். 2015 டிசம்பரில் பல நாள் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து ஆள்களை ஏற்றினார்கள். ஆனால் போகியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. 2018 போகி காலையில் பழைய பாயும் டயரும் எரித்த புகையில் ஓடுபாதை தெரியாமல் வந்த விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். பொங்கலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு டிக்கெட் போடும்போது போகி விடியற்காலை இறங்குகிற விமானத்தை நான் போடுவதில்லை, விலை குறைவாக இருந்தாலும்.

சரி, விமானத்தை எடுத்துவிட்டார்கள். என்ன கேட்கலாம்?

இந்திய நிறுவனம் என்றால், ரத்து செய்வதை இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். சொல்லி, மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். "கிரெடிட் ஷெல்லில் போட்டுவிட்டோம், அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று தேன் தடவிப் பேசுவார்கள். வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லாமலேயே ரத்து செய்தால் இழப்பீடு உண்டு: பயண நேரம் ஒரு மணிக்குள் என்றால் 5,000 ரூபாய் வரை, இரண்டு மணிக்குள் 7,500, அதற்கு மேல் 10,000, டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை. புயல், வான்வெளி மூடல் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது.

அதே விதியில் ஒரு வரி இருக்கிறது, பாதிப் பேர் அதில்தான் மாட்டுகிறார்கள். பதிவு செய்யும்போது சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு இழப்பீடு இல்லை. கடைக்காரர் நம்பரைப் போட்டால் தகவல் கடைக்காரருக்குத்தான் போகும். சிலர் வேண்டுமென்றே தங்கள் நம்பரைப் போட்டுக்கொள்கிறார்கள், வாடிக்கையாளர் நேரே நிறுவனத்திடம் போய்விடக் கூடாது என்று. என் தொழில்காரர்களுக்கு இதைப் படித்தால் கோபம் வரும், வரட்டும். டிக்கெட் கைக்கு வந்ததும் நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆரைப் போட்டு, யாருடைய நம்பர் நிற்கிறது என்று பாருங்கள். ஏஜென்ட்டிடம் வாங்கிய டிக்கெட்டானாலும் பணம் திரும்பத் தருகிற பொறுப்பு விமான நிறுவனத்துடையது. இழுத்தடித்தால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம்.

பாரிஸிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட வலுவான பிடி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்புகிற எந்த நாட்டு விமானமானாலும், 14 நாளுக்குள் ரத்து என்று சொல்லி, ஏறக்குறைய அதே நேரத்தில் மாற்றும் தராவிட்டால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ. இதற்கும் புயல் போன்ற விலக்குகள் உண்டு. நாலு பேர் குடும்பத்துக்கு 2,400 யூரோ என்று நான் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். பிறகு விண்ணப்பித்து வாங்கினார்கள்.

2008 ஜூன் 1க்கு முன்னால் காகித டிக்கெட் இருந்த காலம். சிவப்புக் கார்பன் ஒட்டிய அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பயணத்துக்கு மூன்று நாள் முன்னதாகக் கடைக்கு வந்து 'ரீகன்ஃபர்ம்' செய்துவிட்டுப் போவார்கள். செய்யாவிட்டால் சீட்டு போய்விடும் என்கிற பயம். மின்-டிக்கெட் வந்தது, அந்த வழக்கம் ஒழிந்தது. இப்போது நான் எல்லாரிடமும் அதையே திரும்பச் செய்யச் சொல்கிறேன்: பருவம் மாறுகிற அந்த இரண்டு ஞாயிறுகளை ஒட்டி ஒரு முறை, பயணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒரு முறை. விமானத்தின் நேரத்தோடு தேதியையும் பாருங்கள். 12ஆம் தேதி 00:20 என்றால் 11ஆம் தேதி ராத்திரியே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். கடலூரிலிருந்து சாயங்காலமே கிளம்பியாக வேண்டும். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மறுநாள் போய் நின்றவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

குருசுக்குப்பத்துச் சொல்தா ஒருவர் மட்டும் இன்னும் வருகிறார். கைபேசி இருக்கிறது, பேத்தி எல்லாம் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆனாலும் மூன்று நாள் முன்னால், அயர்ன் செய்த சட்டையோடு வந்து உட்கார்ந்து, "கொன்ஃபிர்மே?" என்பார். இந்த மார்ச்சில் வந்தபோது அவர் பதிவில் டி.கே. நின்றிருந்தது. ஐம்பது நிமிடம் முன்னால் கிளம்புகிறது என்றேன். பையிலிருந்து டைரியை எடுத்து, பழைய நேரத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.