அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வெளியேறியவர் எப்படித் திரும்பி வருகிறார்?

அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் கால்பந்து ஆட்டத்தை இணையத்தில் பார்த்த வாசகர் ஒருவர் இரண்டு ஐயங்களை எழுப்பியிருந்தார். கடிகாரம் ஏன் 45 நிமிடத்திலிருந்து கீழே இறங்குகிறது? முதல் பாதியில் வெளியே போன ஆட்டக்காரர் இரண்டாம் பாதியில் எப்படி மறுபடியும் களத்தில் நிற்கிறார்? உலகக் கோப்பையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டுமே விதிமீறலாகத்தான் தோன்றும். முதல் ஐயத்தைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். இரண்டாவதற்கான விடை தசைக்குள் இருக்கிறது.

தொழில்முறைக் கால்பந்தில் நேரத்தின் பொறுப்பு நடுவருடையது. காயம், ஆள் மாற்றம், கோல் கொண்டாட்டம் ஆகியவற்றில் வீணான நேரத்தை அவர் கணித்து, ஒவ்வொரு பாதியின் இறுதியிலும் சேர்க்கிறார். பலகையில் காட்டப்படும் நிமிடங்கள் குறைந்தபட்ச அளவு மட்டுமே. ஆட்டம் எந்த நொடியில் முடியும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கல்லூரிக் கால்பந்தை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, நேரம் எல்லோரும் பார்க்கும் ஸ்கோர்போர்டில் இருக்கிறது. கோல் விழுந்தாலோ, பெனால்டி கொடுக்கப்பட்டாலோ, அட்டை காட்டப்பட்டாலோ, காயத்துக்காக நடுவர் சைகை செய்தாலோ கடிகாரம் நிற்கும். பந்து கோல்கோட்டை முழுவதுமாகக் கடப்பதற்கு முன் கடிகாரம் சுழியத்தைத் தொட்டுவிட்டால் கோல் இல்லை. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போகும்போதெல்லாம் இந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே இதைக் கூடைப்பந்துக் கடிகாரத்தோடு சேர்த்து நினைக்க வேண்டியதில்லை. 1996இல் தொடங்கிய எம்.எல்.எஸ். என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியும் முதல் நான்கு பருவங்களில் இறங்கும் கடிகாரத்தையே வைத்திருந்து, 2000இல் உலக வழக்கத்துக்கு மாறியது.

2022 கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் ஈரானும் மோதிய ஆட்டத்தில், ஈரான் கோல்கீப்பர் பெய்ரான்வந்த் தன் அணி வீரரோடு தலைமோதி விழுந்தார். நீண்ட நேரச் சிகிச்சைக்குப் பின் ஆட முயன்று, சற்று நேரத்திலேயே தானாகக் கைகாட்டி வெளியேறினார். அந்தப் பாதியில் மட்டும் 14 நிமிடங்கள் சேர்க்கப்பட்டன. கல்லூரி விதியில் கடிகாரம் நின்றிருக்கும். தலைக்காயமா என்று வெளியே அழைத்துப் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்றால் அவரைத் திரும்பவும் அனுப்பலாம். தொழில்முறையில் ஒருமுறை மாற்றப்பட்டவருக்கு அந்த ஆட்டம் அத்துடன் முடிந்தது.

ஆள் மாற்றத்தில் இடைவெளி இன்னும் பெரியது. தொழில்முறையில் மூவரை மாற்றலாம் என்றிருந்த விதி, 2020இல் கொரோனா காலத் தற்காலிக ஏற்பாடாக ஐவர் என்று விரிந்து, 2022இல் நிலைபெற்றது. அந்த ஐவரையும், இடைவேளையைக் கணக்கில் சேர்க்காமல், மூன்று வாய்ப்புகளுக்குள் இறக்கிவிட வேண்டும். கல்லூரியில் எண்ணிக்கை வரம்பே இல்லை. முதல் பாதியில் வெளியேறியவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, இரண்டாம் பாதியில் இறங்கலாம். இரண்டாம் பாதியில் வெளியேறியவரோ, அந்தப் பாதியிலேயே ஒரு முறை திரும்பலாம்.

அந்த ஓய்வில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முழு வேகத்தில் ஓடும்போது தசை ஆற்றலுக்காகச் செலவழிக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு, கையிருப்பில் இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் தாங்காது. அதை உடனுக்குடன் ஈடுசெய்வது தசையிலேயே இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற சேர்மம். தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யைப் புதுப்பிக்கிறது. அதுவும் சில நொடிகளில் பெருமளவு தீர்ந்துபோகும். ஆனால் ஓட்டம் நின்றவுடன் நிலைமை தலைகீழாகிறது. செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கொண்டு உருவாகும் ஏ.டி.பி. இப்போது பாஸ்பேட்டைத் திருப்பித் தருகிறது. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் பாஸ்போகிரியேட்டினில் பாதியும், மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் ஏறக்குறைய முழுவதும் மீண்டுவிடும். பாஸ்பரஸ் அணுக்கருக்களின் காந்த ஒத்திசைவைப் பதிவு செய்யும் கருவிக்குள் காலை வைத்து, தசையைக் கீறாமலேயே இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்க முடியும். பயிற்சி முடிந்த கையோடு தொடையைப் பட்டையால் இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் மீட்சி அப்படியே நின்றுவிடுகிறது. பட்டையைத் தளர்த்தியதும் தொடங்குகிறது. ஓய்வு என்று நாம் சொல்வது தசையைப் பொறுத்தவரை ஆக்சிஜனைச் செலவழித்துச் செய்யும் வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பத்து நிமிடம் உட்கார்ந்தவர் புத்தம் புதிதாகத் திரும்புகிறாரா? இல்லை. பாஸ்போகிரியேட்டின் மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி என்றால், தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் தரையடித் தொட்டி; மோட்டார் போட்டால் மேலே நிமிடங்களில் நிரம்பும், கீழே நிரம்ப லாரி வரவேண்டும். மாவுச்சத்தைத் தாராளமாக உண்டாலும் தசையின் கிளைக்கோஜன் மணிக்குச் சில விழுக்காடுதான் ஏறுகிறது. முழுவதும் நிரம்பக் குறைந்தது ஒரு நாள் ஆகும், தசை இழைகள் அடிபட்ட கடினமான ஆட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகலாம். டென்மார்க்கில் ஆட்டம் முடிந்தபின் ஆட்டக்காரர்களின் தொடையிலிருந்து தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, கிட்டத்தட்ட பாதி இழைகளில் கிளைக்கோஜன் முற்றிலுமோ பெரும்பாலுமோ காலியாகியிருந்தது. இடையில் உட்காரும் ஓய்வு இதை நிரப்பாது. செலவாகாமல் காக்க மட்டுமே செய்யும்.

கல்லூரி விதியின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி டிசம்பரில் முடியும் குறுகிய பருவத்தில், வியாழனன்று ஆடிய அணி ஞாயிறன்று மறுபடி களமிறங்குவது சாதாரணம். கிளைக்கோஜன் மீளும் காலமும் இந்த அட்டவணையும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. 2022 முதல் வழக்கமான பருவ ஆட்டங்களில் கூடுதல் ஆட்ட நேரம் நீக்கப்பட்டு, 90 நிமிடத்தில் சமன் என்றால் சமன் என்று ஆனதையும் இந்த நோக்கில் பார்க்கலாம்.

ஓய்வுக்கு ஒரு விலையும் உண்டு. பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்தால் தொடைத் தசையின் வெப்பம் சுமார் 2 டிகிரி செல்சியஸ் இறங்கிவிடும். அதோடு ஓட்ட வேகமும் குறையும். எல்லைக்கோட்டை ஒட்டி மாற்று ஆட்டக்காரர்கள் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான். அந்தச் சில நிமிட ஓட்டம் தருவதை, ‘உடனடி சக்தி’ என்று விற்கப்படும் வண்ணப் பானங்கள் தந்துவிடும் என்று நம்புவதை மூடநம்பிக்கை என்றே சொல்வேன்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண்கள்மீது நடந்தவை. அமெரிக்கக் கல்லூரிகளிலோ ஆண்கள் அணிகளைவிடப் பெண்கள் அணிகளே அதிகம். வரம்பற்ற மாற்றத்தையும் வரம்புள்ள மாற்றத்தையும் ஒப்பிட அதைவிட வசதியான களம் கிடைக்காது; விளம்பரப் பலகைகளுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு துளி அங்கே போகலாம். உலக விதிப்புத்தகமே சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்டப் போட்டிகள் ஆகியவற்றில், தேசியச் சங்கம் ஒப்பினால், வெளியேறியவர் திரும்பி வர அனுமதிக்கிறது.