எம்பெடட் கிராஃப் டேட்டாபேஸ் – உட்பொதி கோட்டுருத் தரவுத்தளம்

இந்தத் தொடரில் ஆளைக் குழப்புவது நடுவில் இருக்கும் 'கிராஃப்'தான். கட்டம்போட்ட தாளில் ஏறி இறங்கும் கோடு நினைவுக்கு வர, பலரும் 'வரைபடத் தரவுத்தளம்' என்று எழுதிவிடுகிறார்கள். வரைபடம் என்றால் நாட்டுப்படம், விளக்கப்படம் எல்லாமும்தான். இங்கே சொல்லப்படுவது வேறு: புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டுமே கொண்ட ஒரு கணித அமைப்பு. தரவை அந்த வடிவிலேயே சேமிப்பதுதான் கிராஃப் டேட்டாபேஸ்.

கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒரே தடவை கடந்து நடக்க வழியில்லை என்று 1736-இல் கணிதவியலாளர் ஆய்லர் நிறுவினார். இந்த அமைப்புகளை ஆராயும் துறை அங்கே பிறந்தது. பெயர் கிடைக்கத்தான் நாளாயிற்று. வேதியியலார் மூலக்கூறுகளை வரைந்து காட்டிய முறையைப் பார்த்து, 1878-இல் கணிதவியலாளர் சில்வெஸ்டர் 'கிராஃப்' என்றார். வேர், 'எழுது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்.

தமிழில் இதற்குக் 'கோட்டுரு' இருக்கிறது. கோடும் உருவும் சேர்ந்த சொல், குழப்பமில்லை. புள்ளியைக் 'கணு' எனலாம். கோட்டைக் கணித நூல்கள் 'விளிம்பு' என்கின்றன. தரவுத்தளத்தில் எனக்கு 'இணைப்பு' என்பதே பொருத்தமாகப் படுகிறது. விளிம்பு ஓரத்தில் அல்லவா இருக்கும்!

'எம்பெடட்' என்பதற்கு 'உட்பொதி'. தனியாக ஒரு சர்வரை ஓடவிடாமல், நம் நிரலின் செயலாக்கத்துக்குள்ளேயே (பிராசஸ்) தரவுத்தளம் இயங்கும். 2000-இல் வந்த எஸ்க்யூலைட் அட்டவணைத் தரவுக்குச் செய்வதும் இதுவே. கோட்டுருத் தரவுத்தளமான நியோஃபோர்ஜேகூடத் தொடக்கத்தில் ஜாவா நிரலுக்குள் பொதியும் நிரலகமாகத்தான் இருந்தது. லைப்ரரியை 'நூலகம்' என்பதைவிட 'நிரலகம்' என்பது மேல்.

திட்டத்தில் சேர்ப்பது எளிது. திட்டத்துக்குத் தேவையான நிரலகங்களைக் குறிக்கும் சார்புப் பட்டியலில் நிரலகத்தின் பெயரைப் பதிப்பெண்ணோடு எழுதி, நிறுவி, இம்போர்ட் செய்து, தரவைச் சேமிக்கும் கோப்புப் பாதையைக் கொடுக்க வேண்டும். போர்ட் எண்ணோ கடவுச்சொல்லோ பொதுவாகக் கேட்காது. நண்பரின் நண்பரைத் தேட, கோட்டுருவை வினவ உதவும் சைஃபர் மொழியில் வினவலின் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

(அ)-[:நண்பர்]->(ஆ)-[:நண்பர்]->(இ)

அட்டவணையில் இதற்கு, வரிசைகளைப் பொருத்திச் சேர்க்கும் ஜாயின் மேல் ஜாயின் போட வேண்டும். இங்கே கோட்டுருவையே வரைந்து கேட்கிறோம். 2024-இல் வெளியான ஐஎஸ்ஓ தரமான ஜிக்யூஎல் என்னும் கோட்டுரு வினவல் மொழியிலும் இதே பாணிதான்.

உள்ளே பொதிவதற்கு ஒரு விலை உண்டு. ஒரே கோப்பை இரண்டு செயலாக்கங்கள் ஒரே நேரத்தில் எழுதத் திறந்தால், பெரும்பாலும் இரண்டாவதற்குப் பூட்டுப் பிழைதான் கிடைக்கும். வலைச்செயலி பல வொர்க்கர்களோடு, அதாவது ஒரே நேரத்தில் இயங்கும் பல செயலாக்கங்களோடு, ஓடுகிறதென்றால், எழுதும் வேலையை ஒன்றிடம் மட்டும் விட வேண்டும்; அது முடியாதென்றால் சர்வர் வகையே சரி.