சங்கத்துக்கு மனு கொடுத்த ஒன்பதாவது நாள்

"மேடம், ருத்ரபூர்னா எங்க இருக்கு?"

தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் என் அலுவலகத்துக்குள் வந்த அந்தத் தம்பி நாற்காலியை இழுக்கும் முன்பே கேட்டது இதைத்தான். அம்பத்தூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக மெஷின் ஓட்டுகிறவர். உத்தரகாண்டில் இருக்கிறது என்றேன். கையிலிருந்த கவரை மேஜைமேல் வைத்தார். "நிர்வாகத் தேவை கருதி" அவரை ருத்ரபூர் யூனிட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், ஏழு நாளுக்குள் சேர வேண்டும். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு யூனிட் இருப்பதைப் பற்றி யாரும் அவரிடம் வாய் திறந்ததில்லை. தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லி ஏழு பேர் மனு கொடுத்து அன்றோடு ஒன்பது நாள். ஏழில் இவர் கையெழுத்து இரண்டாவது.

தொழிலாளர் வழக்குகளில் எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. அதில் முதல் ஆறு வருடம் நிர்வாகங்களுக்காக ஆஜராகும் ஓர் அலுவலகத்தில் ஜூனியராக இருந்தேன், இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வரைவு போட்டுக் கொடுத்தவளே நான்தான். "நிர்வாகத் தேவை கருதி" என்ற சொற்களை எத்தனை முறை டைப் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்தில் என்ன யோசிப்பார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சங்கம் என்றதும் உடனே வேலையைவிட்டுத் தூக்குவார்கள் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். விவரம் தெரிந்த நிர்வாகம் அதை முதலில் செய்யாது. முதலில் வருவது டீ. ஹெச்.ஆர். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்து, "என்னப்பா பிரச்சினை, என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்பார். அவருக்கு வேண்டியது உங்கள் பிரச்சினை இல்லை, இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல். அதற்கடுத்த வாரம் கேன்டீனில் சாப்பாடு திடீரென்று நன்றாகிவிடும். மூன்று வருடமாக நிதி இல்லை என்று தள்ளிப்போட்ட சம்பள உயர்வு, கேட்காமலே வரும்.

சம்பளம் ஏற்றுவது குற்றமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சாதாரணமாக இல்லை. ஆனால் சங்கம் உருவாகும் நேரம் பார்த்து, அந்த முயற்சியைக் குலைக்கும் நோக்கத்தோடு ஊதியம் உயர்த்துவது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை வரிவரியாகச் சொன்னது. நிர்வாகமே ஒரு சங்கத்தை ஆரம்பித்து வளர்ப்பது, சங்கத்தில் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வை மறுப்பது, உள்நோக்கத்தோடு இடமாற்றம் செய்வது, சட்டப்படி வேலைநிறுத்தம் செய்துவிட்டுத் திரும்புகிறவரிடம் நன்னடத்தைப் பத்திரம் கேட்பது, எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகு அதே பட்டியல் அதன் இரண்டாம் அட்டவணையாக உட்கார்ந்திருக்கிறது. பழைய சட்டத்தில் தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புதியதில் முதல் முறை குற்றத்துக்குச் சிறை போய்விட்டது, அபராதம் 10,000 முதல் 2 லட்சம் வரை. பெரிய நிறுவனத்துக்கு 2 லட்சம் என்பது ஒரு நாள் கேன்டீன் செலவு, அதனால் அட்டவணையைக் காட்டினால் நிர்வாகம் நடுங்கிவிடும் என்று நம்பி யாரும் போக வேண்டாம்.

சரி, ருத்ரபூருக்கு வருகிறேன். இடமாற்றக் கடிதம் கையில் வந்ததும் பெரும்பாலானவர்கள் கோபத்தில் கிழித்துப் போடுகிறார்கள், அல்லது போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நிர்வாகத்துக்கு வேண்டியதும் அதுதான். உங்களை ருத்ரபூரில் வைத்து வேலை வாங்கும் எண்ணமே அவர்களுக்குக் கிடையாது, அங்கே உங்களுக்கு மெஷினே ஒதுக்கியிருக்க மாட்டார்கள். நீங்கள் போகாமல் இருக்க வேண்டும். போகாவிட்டால் "அனுமதியின்றி வேலைக்கு வராதது" என்று சார்ஜ் மெமோ, அப்புறம் உள்விசாரணை, அப்புறம் டிஸ்மிஸ். சங்கம் என்ற வார்த்தை எந்தக் காகிதத்திலும் இருக்காது. நான் ஜூனியராக இருந்தபோது சீனியர் இதற்கு வைத்திருந்த பெயர் "சுத்தமான ஃபைல்."

நியமன உத்தரவில் இடமாற்ற ஷரத்து இருந்தால் விஷயம் இன்னும் சிக்கல், பலருடைய உத்தரவில் அது இருக்கிறது, அதைப் படித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. அதனால் அந்தத் தம்பியை அன்றைக்கே எழுத வைத்தேன்: நான் வேலைக்கு மறுக்கவில்லை, தினமும் அம்பத்தூர் கேட்டுக்கு வந்து நிற்கிறேன், சங்க மனுவுக்குப் பிறகு வந்த இந்த மாற்றம் பழிவாங்கல், மறுபரிசீலனை செய்யுங்கள். ஸ்பீட் போஸ்டில் ஒன்று, மெயிலில் ஒன்று. அதோடு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறைக்கும் ஒரு நகல், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும் சமரச அதிகாரியிடம் தொழிற்தாவா, அதாவது தகராறு மனு. சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அந்தத் தாவாவோடு தொடர்புள்ள தொழிலாளர்களின் வேலை நிபந்தனைகளை நிர்வாகம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, அதனால் தாவாவைச் சீக்கிரம் எழுப்புவது லாபம். கேட்டில் நின்றதற்கு என்ன சாட்சி? மொபைலில் எடுத்த படம் போதும், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். செக்யூரிட்டியிடம் சண்டை மட்டும் போடக் கூடாது. ஒரு தள்ளுமுள்ளு நடந்தால் மொத்த ஃபைலும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் பக்கம் ஆட்டம் வேறு. அங்கே எழுதி வாங்குவார்கள். கண்ணாடி அறை, எதிரில் மூன்று பேர், போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள், மேஜையில் உங்கள் பெயர் போட்டு அச்சடித்த ராஜினாமாக் கடிதம். கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும், போடாவிட்டால் டெர்மினேஷன், அப்புறம் வேறெங்கும் வேலை கிடைக்காது. ஐந்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். எட்டு வருட அனுபவமுள்ள ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து, ஹோம் லோன் தவணைதான் மேடம் கண்ணில் தெரிந்தது, போட்டுவிட்டேன் என்றார். திட்ட மனம் வரவில்லை. ஆனால் அவர் என்னிடம் வந்தது நான்கு மாதம் கழித்து. மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு சொன்னால், அன்று மாலையே ஏன் சொல்லவில்லை என்றுதான் எதிர்த்தரப்பு கேட்கும், நீதிபதியும் கேட்பார். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் சொந்த மெயிலிலிருந்து நாலு வரி அனுப்புங்கள்: இது நானாக எழுதியதில்லை, திரும்பப் பெறுகிறேன், இன்னின்னார் அறையில் இருந்தார்கள். இலக்கணம் எல்லாம் பார்க்க வேண்டாம், நேரம்தான் முக்கியம்.

ஐ.டி.யில் சங்கமே வைக்க முடியாது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஐ.டி. நிறுவனங்களுக்குத் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை, ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. பதவிப் பெயரில் "மேனேஜர்" என்று போட்டுவிட்டதால் மட்டும் நீங்கள் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது, செய்யும் வேலை என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

பதிவு விஷயத்தில் ஒரு குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். பதிவு என்பது சங்கத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஏழு பேர் மனு போடலாம், ஆனால் மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். பதிவு கிடைத்துவிட்டதாலேயே நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தாக வேண்டும் என்றில்லை. சங்கம் வைப்பது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் உரிமை, அங்கீகாரம், அதாவது இந்தச் சங்கத்தோடு பேசுகிறேன் என்று நிர்வாகம் ஏற்பது, அப்படியில்லை. தமிழ்நாட்டில் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டமே இத்தனை வருடம் இருந்ததில்லை. புதிய தொகுப்பில், பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கத்துக்குப் பேசும் உரிமை என்று வந்திருக்கிறது. இனி போட்டிச் சங்கம் முளைக்க வைப்பதில் நிர்வாகங்கள் சுறுசுறுப்பாகிவிடும் என்பது என் ஊகம்.

அந்தப் பிறப்புச் சான்றிதழுக்கே எவ்வளவு பாடு என்பதைச் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் எல்லோரும் பார்த்தோம். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்து அக்டோபர் 15 அன்று முடிந்தது. சம்பளக் கோரிக்கையும் இருந்தது, ஆனால் முள் குத்திய இடம் சங்கம்தான். பெயரில் "சாம்சங்" வரக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, 2025 ஜனவரி 27 அன்று பதிவு கிடைத்தது. ஒரு காகிதத்தை அவ்வளவு எதிர்த்திருக்காவிட்டால் 37 நாள் உற்பத்தி மிஞ்சியிருக்குமே என்று எனக்குத் தெரிந்த ஒரு ஹெச்.ஆர். நண்பரிடம் கேட்டேன். "உங்களுக்கு அது காகிதம், எங்களுக்கு அது முன்னுதாரணம்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தபோது தொழிற்சங்க முன்னோடிகளான வாடியாவும் திரு.வி.க.வும் கூட நின்றார்கள். மில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கியது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அந்த வழக்குக்குப் பிறகுதான் வலுத்தது, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்த நீதிமன்றத்துக்கு இன்றும் நான் நடந்தே போகிறேன், என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடம்.

நிர்வாகங்கள் அடிக்கடி சொல்வது "வெளியாட்கள் வந்து கெடுக்கிறார்கள்." சங்க நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அந்த அளவுக்கு வெளியாட்கள் இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதே சமயம், தொழிலாளர்கள் செய்யும் தப்பையும் சொல்லியாக வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று மெஷினை நிறுத்துவது இப்போது நேராகப் பள்ளத்தில் விழுவது. புதிய தொகுப்பில் எந்தத் தொழிற்சாலையானாலும் 14 நாள் நோட்டீஸ் வேண்டும், பாதிப் பேர் சொல்லிவைத்து ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜரைத் திட்டி எழுதாதீர்கள், அதில் ஒருவராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புவார், எனக்கு வந்த எல்லா வழக்கிலும் அந்த ஒருவர் இருந்திருக்கிறார். சஸ்பென்ட் செய்துவிட்டால் பட்டினிதான் என்று பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுதாகப் பிழைப்பூதியம் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ருத்ரபூர்த் தம்பி இப்போது அம்பத்தூரில்தான் இருக்கிறார். நாலாவது சமரசப் பேச்சில் நிர்வாகம் இடமாற்றத்தைத் திரும்பப் பெற்றது, ஆனால் அவரைப் பழைய மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டுவிட்டார்கள். மற்ற ஆறு பேரில் இருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சங்கத்துக்குப் பதிவு எண் வந்துவிட்டது, பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வரவில்லை. ஸ்டோர்ஸுக்கு மாற்றியது பற்றிய மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது.