தகரத்துக்கு அடியில் கறள்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணியில் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை ஒட்டவைத்துக்கொள்வார்கள். சின்ன வயதில் பெரியப்பா எனக்கும் அப்படித்தான் காட்டித் தந்தார். மரத்துக்குள் நுழைந்த ஒலிக்கு வெளியே சிதற வழி குறைவு. மரமும் காற்றும் அவ்வளவு வேறானவை. அதனால் ஓரங்களில் பட்டுப்பட்டு உள்ளேயே திரும்பி, துடுப்பின் வழியே காதுக்கு வந்துவிடும். உருக்குக் குழாயில் மறைந்திருக்கும் கறளைத் தேடுகிறவர்களும் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சம்மாந்துறைப் பக்கம் நெல் அவிக்கும் ஆலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கொதிகலனில் இருந்து போகும் நீராவிக் குழாயில் சூடு வீணாகாமல் பஞ்சு சுற்றி, மேலே தகரம் போர்த்தியிருப்பார்கள். மாரியில் தகரத்தின் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கும். கடற்காற்றின் உப்பும் சேரும். குழாய் தினமும் சூடாகி ஆறுவதால் பஞ்சில் ஈரம் தங்கி, உள்ளே கறள் தின்னத் தொடங்கும். வெளியே தகரம் பளபளவென்றே இருக்கும். நீராவி பீறிட்டு ஒரு தொழிலாளியைச் சுட்ட பிறகு அது தெரியவருவதை என்னால் ஏற்கமுடியாது.

காதுக்குக் கேட்காத ஒலியால் அளக்கும் வழமையான மீயொலித் தடிப்புமானி சில மெகாஹேட்ஸ் மீடிறனில், அதாவது செக்கனுக்குச் சில மில்லியன் அதிர்வுகளில், இயங்கும். வைத்த இடத்தில் சுவர் எவ்வளவு தடிப்பு என்று துல்லியமாகச் சொல்லும். ஒரு சாண் தள்ளி இருக்கும் பள்ளம் அதற்குத் தெரியாது. முழுக் குழாயையும் பார்ப்பதென்றால் தகரம், பஞ்சு எல்லாவற்றையும் கழற்றவேண்டும்.

1990களில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் வேறு வழியை வளர்த்தெடுத்தார்கள். ஓரிடத்தில் மட்டும் பஞ்சை விலக்கி, குழாயைச் சுற்றி உணரிகள் பதித்த வளையம் ஒன்றை மாட்டுவார்கள். அது சில பத்து கிலோஹேட்ஸ் அளவில் குழாயைத் துளியளவு முறுக்கிவிடும். அந்த முறுக்கம் குழாயின் சுவரையே பாதையாக்கி இரு பக்கமும் ஓடும். நிலைமை நல்லதென்றால் பக்கத்துக்குப் பல பத்து மீற்றர் வரை பார்க்கலாம்.

ஏன் முறுக்கல்? தண்ணீர் நிறைந்த வாளியை வெடுக்கென்று திருப்பிப் பாருங்கள். வாளி திரும்பும், மேலே மிதக்கும் துரும்பு அநேகமாக அப்படியே நிற்கும். திரவம் முறுக்குக்கு இழுபடாது. ஆகவே குழாய்க்குள் தண்ணீர் ஓடினாலும் அலை பெரிதாகத் தளராது. இன்னொரு நன்மையும் உண்டு. கதிர்காமப் பாதயாத்திரையில் ஆளுக்கொரு வேகத்தில் நடந்தால் கூட்டம் நீண்டு கலைந்துவிடும். குழாயில் ஓடும் பல அலைகள் அப்படித்தான் கலைகின்றன. அடிப்படை முறுக்கு அலை மட்டும் எல்லா மீடிறனிலும் ஒரே வேகத்தில், உருக்கில் செக்கனுக்கு ஏறத்தாழ 3,200 மீற்றராக, ஒன்றாகவே நடக்கும்.

சுவர் மெலிந்த இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பிவரும். 10 மில்லிசெக்கனில் எதிரொலி வந்தால், போகவர 32 மீற்றர். குறை 16 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஆனால் வெல்டிங் மூட்டும் எதிரொலி தரும். இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. வெல்டிங் குழாயைச் சுற்றிலும் ஒரே மாதிரி இருப்பதால் போன முறுக்கல் முறுக்கலாகவே திரும்பும். கறள் பெரும்பாலும் ஒரு பக்கத்தையே தின்னும். அதில் மோதிய முறுக்கலின் ஒரு பங்கு குழாயை வளைக்கும் அலையாக மாறித் திரும்பும். வளையத்தின் உணரிகள் தனித்தனியே கேட்பதால் அந்த வித்தியாசம் பிடிபடும்.

ஊசிமுனைப் பள்ளம் இதற்குத் தெரியாது. வழக்கமாகக் குறுக்குவெட்டு முகத்தில் 5 வீதம் அளவு உருக்கு இழக்கப்பட்டிருந்தால்தான் நம்பிச் சொல்லலாம். மீதித் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்றும் சொல்லாது. அதனால் சந்தேகமான இடத்தில் மட்டும் தகரத்தைக் கழற்றித் தடிப்புமானி வைப்பார்கள். தாரில் புதைந்த குழாயில் தூரம் வெகுவாகச் சுருங்கும். வளைவுகளில் சமிக்ஞை குழம்பும். போல்ட் பூட்டிய இணைப்பைத் தாண்டாது.

றப்பர் வளையம் வைத்துச் செருகிய குடிநீர்க் குழாய்களிலும் ஒவ்வொரு மூட்டிலும் அலை நின்றுவிடும். அங்கே ஒழுக்கைத் தேடுகிறவர் ஒரு கம்பியை வால்வில் ஊன்றி, மறுமுனையில் காது வைத்துக் கேட்கலாம்.